பழைய காருக்குப் பெயிண்ட்: மூன்று பட்டறை, மூன்று விலை, எதை எடுப்பது?

என் பழைய காருக்குப் பெயிண்ட் அடிக்க என்ன ஆகும் என்று மூன்று பட்டறைகளில் கேட்டேன். முதல் ஆள் சொன்னதை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், இரண்டாமவர் சொன்னது இரண்டரைப் பங்கு. மூன்றாமவர் ஆறு பங்கு சொல்லிவிட்டு, "உரித்துப் பார்த்த பிறகு இது கூடலாம்" என்று ஒரு கொக்கியும் போட்டார். வண்டி ஒன்றுதான், நிறமும் ஒன்றுதான். மூன்றாமவர் ஆளைப் பார்த்து விலை சொல்கிறார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டு முதல் ஆளிடம் விட்டேன். மூன்றே வாரத்தில் வண்டி பளபளவென்று வந்து நின்றது. இரண்டு வருஷம் கழித்துக் கதவுகளின் அடி விளிம்பில் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள். ஒன்றை நகத்தால் நிமிண்டினால் உள்ளே பழுப்பாகத் துரு. கோபத்தோடு போய் நின்றபோது அவர் சொன்னது: "பெயிண்ட் அடிக்கத்தானே கேட்டீங்க, அடிச்சேன்." அவர் சொன்னதில் பொய்யே இல்லை.

மூன்று பேரும் ஒரே வேலைக்கு மூன்று விலை சொல்லவில்லை, மூன்று வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். நான்தான் கடைசி எண்ணை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒருவர் இருக்கிற பெயிண்டின் மேல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணாடியையும் ரப்பரையும் டேப் ஒட்டி மறைத்து, மேலே ஸ்ப்ரே பண்ணுவதற்குச் சொன்னார். இன்னொருவர் பம்பர், விளக்கு, கைப்பிடி எல்லாம் கழற்றி, ஒடுக்கு எடுத்து, பட்டி பார்த்து, பிரைமர் போட்டு அடிப்பதற்குச் சொன்னார். மூன்றாமவர் தகரம் தெரியும் வரை உரித்து, துருப்பிடித்த இடத்தை வெட்டிப் புதுத் தகரம் வெல்ட் வைத்து, கதவு இடைவெளிகளைச் சரிபண்ணி அப்புறம் பெயிண்டுக்கு வருவதற்குச் சொன்னார். முதல் வேலை சில நாள் கூலி. மூன்றாவது நூற்றுக்கணக்கான மணி நேரம் தின்னும். டப்பாவில் வரும் பெயிண்டின் விலை இதில் சின்னப் பங்குதான், மீதியெல்லாம் மனுஷன் கை.

அந்தக் கூலி எங்கே போகிறது என்பது தெரியாமல் எந்த விலையும் நியாயமா இல்லையா என்று சொல்லவே முடியாது, அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். உரித்த தகரத்தின் மேல் முதலில் எபாக்ஸி பிரைமர் போகும், ஈரத்தை அண்டவிடாமல் தடுப்பது அதுதான். மேலே தேவைப்பட்ட இடத்தில் பட்டி. பட்டியை 80 நம்பர் தாளில் தொடங்கி 180 வரை தேய்ப்பார்கள். அப்புறம் இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கும், கனமாகப் படியும் டூ-கே பிரைமர். அது காய்ந்ததும் அதன் மேல் மெலிதாகக் கறுப்புத் தூறலாக ஒரு பூச்சு, இதைத்தான் கைடு கோட் என்கிறார்கள். நீளமான கட்டையில் தாளைச் சுற்றி மொத்தப் பரப்பையும் தேய்த்தால் மேடான இடத்தில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் மட்டும் தங்கும். பள்ளம் எங்கே என்று தெரிந்துவிட்டது, மறுபடி பிரைமர், மறுபடி கைடு கோட், மறுபடி தேய்ப்பு. நல்ல வேலையில் இது இரண்டு மூன்று சுற்று போகும், கடைசிச் சுற்று 400, 600 நம்பர் வாட்டர் பேப்பரில் முடியும். இவ்வளவும் செய்து முடித்தால் வண்டி பார்க்க என்ன மாதிரி இருக்கும்? சாம்பல் நிறத்தில், மொக்கையாக. படம் எடுத்து யாருக்கும் காட்ட முடியாது. மலிவாக முடிப்பவர் கைவைப்பதும் முதலில் இங்கேதான். அந்தச் சாம்பல் பரப்பில் இருக்கும் அலை, கறுப்போ கருநீலமோ பளபளப்பாக மேலே ஏறியதும் பட்டென்று கண்ணுக்குத் தெரியும். கறுப்பு வண்டிக்கு ஒருவர் கூடுதலாகக் கேட்டால் பெயிண்ட் விலைக்காக அல்ல, இந்தத் தேய்ப்புக்காகக் கேட்கிறார்.

சரி, விலை கேட்கப் போகும் முன்னால் நாமே கொஞ்சம் வீட்டுப்பாடம் செய்யலாம். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பாடி முழுக்க ஓட்டுங்கள், வழுக்கும் இடத்தில் அடியில் பட்டி இருக்கிறது. ஆனால் பழைய வண்டிகளில் மூட்டுகளை ஈயம் உருக்கி நிரப்பியிருப்பார்கள், அங்கேயும் காந்தம் ஒட்டாது. அது கோளாறு இல்லை, தொழிற்சாலையிலேயே அப்படித்தான் செய்தார்கள். அலுமினியம், ஃபைபர் பாடி என்றால் காந்தம் பிரயோஜனமே இல்லை. பெயிண்ட் தடிமன் அளக்கும் மீட்டர் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலைப் பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் சுமாருக்கு இருக்கும். 300ஐத் தாண்டினால் மறுபடி அடித்திருக்கிறார்கள், 1000ஐத் தாண்டினால் அது பட்டி. சாதாரண காந்த மீட்டர் இரும்பில் மட்டும்தான் அளக்கும், அலுமினியத்துக்குச் சுழல்மின்னோட்ட வகை வேண்டும். அப்புறம் துரு எப்போதும் பதுங்கும் இடங்கள்: கதவின் அடிமடிப்பு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகரம், சக்கர வளைவின் உதடு, பேட்டரி தட்டு, முன்கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள், டிக்கி ரப்பர் உட்காரும் பள்ளம். ஒரு ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகரமும் செத்த தகரமும் வேறு வேறு சத்தம் கொடுக்கும்.

இன்னொரு சின்னச் சோதனை. கண்ணில் படாத ஓர் இடத்தில் லேக்கர் தின்னர் நனைத்த பஞ்சை அழுத்திப் பாருங்கள். நிறம் கரைந்து பஞ்சுக்கு வந்தால் அது பெரும்பாலும் லேக்கர் என்ற பழைய வகைப் பெயிண்ட். சுருங்கிச் சுருண்டால் எனாமல். ஒன்றும் ஆகவில்லை என்றால் ஹார்டனர் கலந்து அடித்த டூ-கே. இது ஏன் விலையைப் பாதிக்கிறது என்றால், லேக்கரின் மேல் நேரடியாகப் புதுப் பெயிண்டை ஏற்றினால் அதன் கரைப்பான் கீழே இறங்கிப் பழையதைக் கிளப்பிவிடும். அப்படிப்பட்ட வண்டியை உரிக்காமல் அடித்துத் தருகிறேன் என்பவர் சொல்வது குறைந்த விலை என்று சந்தோஷப்படக் கூடாது.

இனி யாரிடம் கொடுப்பது. வேகமாக அடித்து அனுப்பும் பெயிண்ட் கடைகளை நான் ஒரேயடியாகத் தள்ளமாட்டேன். அடித்தளம் நன்றாக இருக்கிற, தொழிற்சாலைப் பெயிண்ட் மங்கிப்போன, தினமும் ஓட்டப்போகிற வண்டிக்கு அது நியாயமான தேர்வுதான், என்ன கிடைக்கும் என்பது தெரிந்து போனால். ஏற்கெனவே இரண்டு முறை அடித்த வண்டியை அங்கே கொண்டுபோவதுதான் தவறு, மூன்றாவது அடுக்கைக் கீழே இருக்கும் முதல் அடுக்கால் தாங்க முடியாமல் வெடிக்கும்.

விபத்து வண்டிகள் பார்க்கும் பெரிய பாடி ஷாப் வேறு ரகம். ஸ்ப்ரே பண்ணுவதற்கென்றே மூடிய அறையாக நல்ல பூத் இருக்கும், தூசி இல்லாத காற்று, 60 டிகிரியில் அரை மணி நேரம் சூடேற்றிக் காயவைக்கும் வசதி, கைதேர்ந்த பெயிண்டர். ஆனால் அவர்கள் பிழைப்பு புது வண்டிகளில். நசுங்கிய கதவைக் கழற்றிப் புதுக் கதவை மாட்டுவதுதான் அங்கே பழக்கம், உங்கள் வண்டிக்குப் புதுக் கதவு எங்கே கிடைக்கும்? இன்ஷூரன்ஸ் வேலை வந்துகொண்டே இருக்கும், அதற்குக் கெடு உண்டு, உங்கள் வண்டிக்கு இல்லை. அதனால் அது மூலையில் நிற்கும், கை சும்மா இருக்கிற நாளில் கொஞ்சம் நகரும். இந்தக் கடைகளில் இரண்டு விதமான விலை வரும். ஒன்று, பழைய வண்டியில் என்னென்ன கிடக்கும் என்று தெரியாமல் குறைவாகச் சொல்லிவிட்டுப் பாதியில் முழிப்பார்கள். இன்னொன்று, வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்பட்டு மிக அதிகமாகச் சொல்வார்கள். இரண்டாவது வகையைப் புரிந்துகொண்டால் நல்லது, அது ஏமாற்று இல்லை, மரியாதையான மறுப்பு. அங்கே பேரம் பேசி வெற்றி பெறுவதைப் போல ஆபத்து வேறில்லை.

பழைய வண்டிகளை மட்டுமே பார்க்கும் பட்டறை விலை கூடுதல், காலமும் கூடுதல். அவர்களிடம் நீங்கள் வாங்குவது, எந்த வண்டி எந்த இடத்தில் துருப்பிடித்திருக்கும் என்ற அனுபவத்தை, கழற்றினால் உடைந்துபோகும் கிளிப்பை உடைக்காமல் கழற்றத் தெரிந்த கையை. என் இரண்டாவது முயற்சியில் நான் இரண்டையும் கலந்தேன்: தகர வேலையும் பிரைமரும் பழைய டிங்கரிங் கைகாரர் ஒருவரிடம், மேல்பூச்சு மட்டும் பூத் வைத்திருந்த இன்னொருவரிடம். பணம் நிச்சயம் மிச்சமானது. ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. நாளைக்குப் பெயிண்ட் உரிந்தால் பிரைமர் சரியில்லை என்பார் ஒருவர், மேலே அடித்தவன் சரியில்லை என்பார் மற்றவர், நடுவில் நாம். அதனால் பெயிண்டரிடம் முதலிலேயே கேட்டு, அவர் எந்த நிறுவனத்தின் எந்தப் பிரைமரின் மேல் அடிக்கச் சம்மதிக்கிறாரோ அதையே தகர வேலைக்காரர் போட வேண்டும், கீழிருந்து மேல்வரை ஒரே நிறுவனத்தின் பொருள்கள்.

நாமே செய்வது பற்றி. கழற்றுவது, மாட்டுவது, உரிப்பது, இந்த மூன்றிலும் ஆர்வம் இருப்பவர் நிறைய மிச்சம் பிடிக்கலாம், பட்டறைக் கூலியில் கணிசமான மணி நேரம் இவற்றுக்குத்தான் போகிறது. ஆனால் பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், உலர்வாகத் தேய்த்துத் தூசியைச் சுவாசிக்காதீர்கள், குழந்தைகள் புழங்கும் இடத்தில் தேய்க்கவே வேண்டாம். மணல் வீச்சில் உரிப்பதும் யோசித்துச் செய்ய வேண்டியது. சேஸிஸ் மாதிரி கனமான இரும்புக்குச் சரி, பானட் போன்ற அகலமான மெல்லிய தகரத்தில் மணல் அடித்தால் தகரம் நெளிந்துவிடும், அந்த நெளிவை எடுக்கிற கூலி நீங்கள் மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்கு விழுங்கும். பவுடர் கோட்டிங் மலிவாக வருகிறதே என்று கதவையும் மட்கார்டையும் கொடுத்துவிடாதீர்கள். அது 180 முதல் 200 டிகிரி வரை சூட்டில் வேகும், ஈயமும் வெள்ளீயமும் கலந்த நிரப்பல் 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். சேஸிஸ், சக்கரம், பிராக்கெட் இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். டூ-கே பெயிண்டை வீட்டுக் கொல்லையில் நாமே ஸ்ப்ரே பண்ணுவதை மட்டும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் கொஞ்சம் பட்டாலே ஆஸ்துமா இழுக்கும். கடைத்தெரு முகமூடி போதாது, வெளியிலிருந்து காற்று கொடுக்கும் கவசம் வேண்டும். இந்தக் கவசமும் பூத்தும் பட்டறைக்காரரின் விலையில் ஒரு பங்கு, அதற்குக் கொடுப்பதில் எனக்கு மனக்குறையே இல்லை.

அடுத்து, விலையை எந்த முறையில் பேசுவது. பலரும் தடுமாறும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

மொத்தமாக ஒரே தொகை பேசினால் நமக்கு நிம்மதி, ஆனால் அந்த நிம்மதிக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பட்டறைக்காரருக்கும் தெரியாது. ஒன்று, பயந்து தாராளமாகக் கூட்டிச் சொல்வார், வண்டி நல்லதாக இருந்துவிட்டால் நமக்கு நஷ்டம். அல்லது வேலை போய்விடுமே என்று குறைத்துச் சொல்லிவிட்டு, உரித்ததும் உள்ளே ஓட்டையைப் பார்த்ததும், எங்கே சரிக்கட்டுவார்? கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஓட்டையின் மேல் வலை வைத்துப் பட்டி பூசி மூடுவார். அவர் கெட்டவர் என்பதால் அல்ல, கையை விட்டுக் காசு போடாமல் முடிக்க அவருக்கு வேறு வழியை நாம் வைக்கவில்லை.

மணிக்கணக்கு முறையில் இந்த இக்கட்டு அவருக்கு இல்லை, எல்லாம் நம் தலையில். நேர்மையான, கை வேகமான ஆளிடம் இதுதான் எல்லா முறையிலும் மலிவு. மற்றவரிடம் அடி தெரியாத கிணறு. இந்த முறைக்குப் போனால் வாரம் ஒரு கணக்கு, கணக்கோடு படங்கள், மேஸ்திரியின் மணிக்கு ஒரு கூலி உதவியாளின் மணிக்கு ஒரு கூலி (கழுவித் துடைக்கும் பையனுக்கும் மேஸ்திரி கூலி போடுவது அதிகம் நடக்கும் விஷயம்), இவ்வளவு தொகை தொட்டதும் என்னைக் கேட்காமல் மேலே போகக் கூடாது என்று ஒரு வரம்பு, இவை நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.

நான் இப்போது யார் கேட்டாலும் சொல்வது மூன்றாவது வழி, வேலையை இரண்டாக வெட்டுவது. முதல் பகுதி, கழற்றி உரித்து உள்ளே இருப்பதைப் பார்ப்பது மட்டும். இதை மணிக்கணக்கில், ஒரு வரம்போடு பேசுங்கள். வண்டி தகரமாக நிற்கும்போது நேரில் போய்ப் பாருங்கள். உரித்த தகரம் ஈரக் காற்றில் ஒரே இரவில்கூடப் பழுப்பேறும் என்பதால் எபாக்ஸி பிரைமர் போடுவதையும் இந்த முதல் பகுதியிலேயே சேர்த்துவிடுங்கள். அதன் பிறகு ஒளிந்திருப்பது ஒன்றும் இல்லை, இரண்டாம் பகுதிக்கு அவரால் பயமில்லாமல் மொத்த விலை சொல்ல முடியும், அந்த விலையை நீங்களும் இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்க்க முடியும், பிடிக்காவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு வரவும் முடியும். முதல் பகுதிக்குக் கொடுத்த காசு வீண்போகாது. இதற்கு ஒத்துக்கொள்ளாத பட்டறைகளும் உண்டு, பாதியில் வண்டி கைமாறுவதை விரும்பமாட்டார்கள், அவர்கள் பக்கத்தில் அதற்கு நியாயமும் இருக்கிறது. ஆனால் உரிக்காமலே, பார்த்த பத்தாவது நிமிஷத்தில் உறுதியான தொகை சொல்பவரைவிட, "தெரியாது, பார்த்தால்தான் சொல்வேன்" என்பவரிடம் எனக்கு நம்பிக்கை அதிகம். அந்த மூன்றாமவர் போட்ட கொக்கியை நான் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

எந்தப் பெயிண்ட் என்பதும் விலையை நகர்த்தும். பெயிண்டின் வரலாறு கொஞ்சம் தெரிந்தால் இது எளிது. ஃபோர்டு மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது. அந்தக் காலத்தில் வார்னிஷ் வகைப் பூச்சுகள் காய்ந்து முடிய வாரக்கணக்கில் ஆகும். 1923ல் டூபாண்ட் நிறுவனத்தின் டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்களில் வந்ததும் அந்தக் காத்திருப்பு மணிக்கணக்காகச் சுருங்கியது, வண்ணங்களும் பெருகின. 1950களின் பிற்பகுதியில் அதே ஜெனரல் மோட்டார்ஸ் அக்ரிலிக் லேக்கருக்குப் போனது. நிறத்தின் மேல் தனியாக கிளியர் என்ற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு அடிக்கும் முறை 1980களில்தான் பரவலானது. ஆக, 1960களின் வண்டி ஒன்றின் ஒற்றை நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி கிளியர் போட்டால், உற்றுப் பார்ப்பவருக்கு ஏதோ பொருந்தாத மாதிரித்தான் தெரியும்.

அசல் லேக்கரே வேண்டும் என்றால் பல கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே தேய்ப்பு, கடைசியில் பாலிஷ், அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். கூலி ஏறும், கனமாக அடித்தால் வெடிக்கும், பெட்ரோல் சிந்தினால் கறை விழும். பின்னாளில் ஒரு கீறலைச் சரிசெய்வது மட்டும் சுலபம், புதியது பழையதில் கரைந்து கலந்துவிடும். காட்சிக்கு நிறுத்தும் வண்டி இல்லை என்றால் நான் அதற்குப் போகமாட்டேன். ஒற்றை நிறத்துக்கு, கிளியர் இல்லாமல் நிறமும் பளபளப்பும் ஒன்றாகவே வரும் டூ-கே போதும், ஒரு கட்ட வேலை குறைகிறது, தோற்றமும் பழைய வண்டிக்குப் பொருந்தும். மெட்டாலிக் என்றால் நிறத்துக்கு பேஸும் அதன் மேல் கிளியரும்தான், வேறு வழி தேடி அலைய வேண்டாம். சிவப்பு, மஞ்சள் வகைகளில் சில நிறமிகள் விலை அதிகம், கீழே இருப்பதை மறைக்கவும் கூடுதல் கோட் கேட்கும், அதற்குக் கூட்டிக் கேட்டால் அது நியாயம்.

நிறத்தையே மாற்றுவதா? கதவைத் திறந்தால் தெரியும் தூண், பானட்டின் உள்பக்கம், இன்ஜின் அறை, டிக்கியின் உள்ளே, டாஷ்போர்டின் தகரம், எல்லாம் மாற வேண்டும், இன்ஜினை இறக்காமல் அதைச் சுத்தமாகச் செய்ய முடியாது. அதே நிறத்துக்கும் புது நிறத்துக்கும் ஒரே விலை சொன்னால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. பதிவுச் சான்றில் நிறம் எழுதியிருந்தால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

இத்தனையும் பேசிவிட்டு, அடிக்காமல் விடுவது என்ற தேர்வைச் சொல்லாமல் போனால் தவறு. அசல் பெயிண்ட் ஒரு முறைதான். உலகப் பழைய வண்டிச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிவா, 30 வயது தாண்டிய வண்டிகளைத்தான் வரலாற்று வாகனம் என்கிறது, அதன் துரின் சாசனம் புதுப்பிப்பதைவிட இருப்பதைக் காப்பாற்றுவதற்குத்தான் முதலிடம் கொடுக்கிறது. மங்கலாக, தேய்ந்து, ஆனால் துருவில்லாமல் இருக்கும் அசல் பூச்சைத் தடிமன் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பாலிஷ் செய்து பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறும், பயப்பட வேண்டாம், கிளியர் இல்லாத பழைய பூச்சு அப்படித்தான். பாதி வண்டிகளுக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம், பட்டறைக்காரர்கள் இதைத் தாமாகச் சொல்லமாட்டார்கள், சொல்ல வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். டேங்கில் கையால் வரைந்த கோடுகள் போய்விட்டால் அதே கையில் திரும்ப வராது.

பேரம் பேசலாமா என்று கேட்பார்கள். தொகையில் பேசாதீர்கள், வேலையில் பேசுங்கள். "கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றால் அவர் குறைப்பார், எதைக் குறைத்தார் என்று உங்களுக்குத் தெரியாது. அதற்குப் பதிலாக, கழற்றி மாட்டுவது நான், வண்டியின் அடிப்பக்கம் கறுப்புப் பூச்சோடு போதும், கடைசியில் 1500, 2000, 3000 நம்பர் தாள் என்று தேய்த்துக் கண்ணாடியாக்கும் பாலிஷ் வேண்டாம், இப்போதைக்கு ஸ்ப்ரே கன்னிலிருந்து வந்தபடியே இருக்கட்டும் என்று நீங்களே எதை விடலாம் என்று தேர்ந்தெடுங்கள். பாலிஷை அடுத்த வருஷம்கூடச் செய்துகொள்ளலாம், கிளியரை மட்டும் அதற்குத் தேவையான தடிமனில் இப்போதே போடச் சொல்லுங்கள். உரிப்பது, துருத் தகரம் மாற்றுவது, எபாக்ஸி, இவற்றில் கைவைக்கக் கூடாது. கண்ணாடி ரப்பரைக் கழற்றாமல் டேப் ஒட்டி அடிப்பதும் எனக்குப் பிடிக்காது, அந்த விளிம்பில்தான் பெயிண்ட் முதலில் கிளம்பும்.

எழுதி வாங்கும் காகிதம் நீளமாக இருக்கட்டும். எதைக் கழற்றுவது, எதுவரை உரிப்பது, பொருள்களின் பெயர், எத்தனை கோட், எது விலையில் சேராது, எப்போது முடியும். முன்பணம் பொருள் வாங்கும் அளவுக்கு, அப்புறம் ஒவ்வொரு கட்டம் முடிந்து நேரில் பார்த்த பிறகு ஒரு பகுதி. கடைசிப் பகுதி வண்டி முழுதாக மாட்டி, வெயிலில் நிறுத்திப் பார்த்த பிறகு. முழுப் பணமும் கைக்குப் போன பழைய வண்டி, பட்டறைகளில் வருஷக்கணக்கில் சிறையிருப்பதை நானே பார்த்திருக்கிறேன், மேலே பெட்டிகள் அடுக்கி, ஒரு கதவு எங்கே என்று யாருக்கும் தெரியாமல். உத்தரவாதம் கேட்டால் பெரும்பாலும் பெயிண்ட் உரிவதற்கும் மங்குவதற்கும் தருவார்கள், துருவுக்குத் தரமாட்டார்கள். பழைய தகரத்தில் உள்ளிருந்து வரும் துருவுக்கு யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது, அதற்காகச் சண்டை போட வேண்டாம்.

அவர் செய்த வண்டி ஒன்றைக் காட்டச் சொல்லும்போது நேற்று முடித்ததைக் காட்டினால் போதாது, நேற்று முடித்தது எல்லாமே அழகுதான். இரண்டு மூன்று வருஷம் ஆனதைக் கேளுங்கள். பக்கவாட்டில் குனிந்து நின்று, டியூப்லைட்டின் பிம்பம் கதவிலிருந்து மட்கார்டுக்கு உடையாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். அதைவிட, பிரைமரில் நிற்கும் வண்டி ஏதாவது இருந்தால் அதைக் காட்டச் சொல்லுங்கள், காட்டும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

என் கணக்கு எப்படி முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன். இரண்டாம் முறை உரித்தபோது, முதல் ஆளின் பெயிண்டுக்கு அடியில் இன்னும் இரண்டு நிறங்கள் இருந்தன, இடது கதவின் அடியில் கையளவு இடம் முழுக்கப் பட்டி. உரிப்பதற்கும் எபாக்ஸிக்கும் ஒன்றேகால் பங்கு ஆனது, மீதி வேலைக்கு மூன்றரை. முதல் ஆளுக்குக் கொடுத்த ஒரு பங்கையும் கூட்டினால், மூன்றாமவர் சொன்ன ஆறுக்குக் கால் பங்குதான் குறைவு, அதுவும் கழற்றி மாட்டியதெல்லாம் நான் என்பதால். கிளிப்புகளில் பதினொன்றை நானே உடைத்தேன். டிக்கி ரப்பரை மட்டும் பழையதே இருக்கட்டும் என்று திரும்பப் போட்டுவிட்டேன், இப்போது மழை பெய்தால் அதன் வலது மூலையில் ஈரம் தங்குகிறது.